தண்ணி டேங்க் பக்கம் கை தட்டவும்

வாலிபால் மைதானத்தில் மைக் பிடிக்கிறவனுக்கு இரண்டு அணியும் வேண்டியவர்கள். இரண்டு அணியின் ஆட்களுக்கும் அவன் வேண்டாதவன்.

கல்யாணப் பந்தியில் பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் பொதுவாக நின்று பரிமாறியவர்கள், அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து தொலைத்தவர்கள், ஆபீசில் இரண்டு மேனேஜர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் என் இனம். உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

நான் அம்பத்தூர்க்காரன். ஆவடி, பூந்தமல்லி, காட்டுப்பாக்கம் என்று எங்கள் பக்கத்தில் கல்லூரி அணிகளுக்கு எங்கே போட்டி வைத்தாலும் வர்ணனைக்குக் கூப்பிடுவார்கள். கிளம்பும்போதே பயம் பிடித்துக்கொள்ளும். ஆட்டத்தைப் பற்றிப் பயமில்லை. அந்த ஊரில் யார் எந்தக் கல்லூரி பக்கம் என்று தெரியாமல் வாயைத் திறக்க வேண்டுமே, அதுதான் பயம். தான் படித்த கல்லூரிக்குக் கை தட்டுவது என்பது எங்கள் பக்கம் அபூர்வம். வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்ததில்லை. ஆனாலும் ஆளுக்கொரு கல்லூரி உண்டு. அதை ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிவிட்டால் போதும், வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று நான் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

ஆவடியின் கல்லூரி எது?

ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் முதல் வருஷம் போனபோது, மொத்தக் கூட்டமும் பூந்தமல்லிப் பக்கத்து மஞ்சள் பனியன் கல்லூரிக்குக் கத்தியது. நான் மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்த வருஷம் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, "ஆவடி மக்களின் அன்பைப் பெற்ற மஞ்சள் அணி" என்று ஆரம்பித்தேன். ஒரு கைகூடத் தட்டவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மஞ்சள் அணி ஒரு புள்ளி எடுக்க, நான் "அருமை" என்று சொல்ல, மைக் செத்துப்போனது.

திரும்பிப் பார்த்தால் குணசேகர் நிற்கிறார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மைதானத்துக்கு வராத நாளே கிடையாது. பிடுங்கிய ஒயர் அவர் கையில் தொங்கியது. மேற்கொண்டு என்ன நடக்குமோ என்று வண்டிச் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். அவர் கோபமாகவே இல்லை. குவார்ட்டர்ஸ் பையன் ஒருவன் போன வருஷம் மஞ்சளில் ஆடினானாம், இந்த வருஷம் மேல்படிப்புக்குச் சிவப்புக் கல்லூரிக்குப் போய்விட்டானாம், அவனோடு குவார்ட்டர்ஸே போய்விட்டதாம். பொறுமையாகச் சொல்லிவிட்டு ஒயரைத் திரும்பச் சொருகினார்.

"காலேஜைப் பத்தி எங்களுக்கு இன்னா தெரியும் நைனா? எங்க ஊட்டுப் புள்ள எந்த பஸ்லேர்ந்து எறங்குதோ, அதான் எங்க காலேஜு."

ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேறு தினுசு. முதல் செட் முழுக்க மைதானம் காலியாக இருக்கும். ஷிப்ட் விட்டதும் கம்பெனி சட்டையோடு திமுதிமுவென்று வருவார்கள். வந்ததும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "யாரு சார் தோக்குறாங்க?" சொன்ன உடனே மொத்தமாக அந்தப் பக்கம் போய் நிற்பார்கள். அந்த அணி தேறி முன்னே வந்துவிட்டால், சத்தமே போடாமல் வலையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்துவிடுவார்கள். ஸ்கோர் பலகையைக்கூட நான் பார்க்கத் தேவையில்லை, கூட்டம் நிற்கிற இடத்தைப் பார்த்தாலே போதும்.

ஆனால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பேசிக்கொண்டிருக்கிற வாக்கியம் முடிவதற்குள் கேட்கிறவர்கள் கட்சி மாறிவிடுகிறார்கள். ஜெயிக்கிற அணியைக் கொஞ்சம் பாராட்டினாலும் முறைப்பு. ஏன் இப்படி என்று லேத் பட்டறைக்காரர் ஒருவரிடம் பயந்து பயந்து கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:

"நாள் பூரா ஜெயிக்கிறவன் கிட்டதான் சார் வேலை பாத்துட்டு வர்றோம்."

காட்டுப்பாக்கத்து அடுக்குமாடிக்காரர்கள்

இவர்களுக்கு உள்ளூர்க் கல்லூரி எதுவும் கண்ணில் படாது. ஊரை விட்டு வந்து, ஐ.டி. வேலையில் உட்கார்ந்து, பக்கத்து ஃப்ளாட்டில் யார் என்று தெரியாமல் இருப்பவர்கள். ஆனால் போஸ்டரில் திருநெல்வேலிக் கல்லூரி, கோயம்புத்தூர்க் கல்லூரி என்று போட்டுவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அங்கே நான் ஒருமுறை, "தென்மாவட்டத்திலிருந்து வந்திருக்கும் அணி" என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். உடனே ஒருவர் எழுந்து, "அது என்ன பொத்தாம்பொதுவா தென்மாவட்டம்? திருநெல்வேலின்னு சொல்லுங்க" என்றார். பின்னாலிருந்து இன்னொருவர், அதில் நாலு பேர் தூத்துக்குடிப் பையன்கள் என்றார். அந்தச் சண்டையில் ஒரு சர்வீஸ் போனதை நான் கவனிக்கவே இல்லை.

எழுந்து நின்ற திருநெல்வேலிக்காரர் கடைசிவரை உட்காரவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தினார். அவர் மனைவி கோயம்புத்தூர். அன்றைக்கு எதிரே ஆடியதும் கோயம்புத்தூர். அந்த அம்மா அவரையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று இவர்கள் வீட்டில் அடுப்பு எரியுமா என்று எனக்குக் கவலையாகிவிட்டது. ஆட்டம் முடிந்து போகும்போது அந்த அம்மாவே என் மேஜை அருகே நின்று சொன்னார்:

"கல்யாணமாகி இத்தனை வருசத்துல இவருக்கு இவ்வளவு சத்தம் வரும்னு எனக்கு இன்னைக்குத்தானுங்க தெரியும்."

கை கேட்ட கதை

பூந்தமல்லியில் பெண்கள் போட்டி. மலைப்பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி வந்திருந்தது. அவர்களுக்கென்று கை தட்ட ஒரு ஆள் இல்லை. அந்தப் பிள்ளைகள் நல்ல புள்ளி எடுத்தால் மைதானம் நிசப்தமாகிவிடும், தப்புச் செய்தால் விசில் பறக்கும். கேப்டன் பெண் ஒவ்வொரு தடவையும் நாலு பக்கமும் பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று மைக்கில் சொல்லிவிட்டேன்: "இவர்கள் நம்மை நம்பி வந்தவர்கள். தண்ணி டேங்க் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் இந்த ஆட்டம் முடியும்வரை இவர்களுடைய ஆட்கள். கை தட்டவும்."

சொல்லிவிட்டேனே தவிர, செருப்பு வருமோ என்று தலையைத் தாழ்த்திக்கொண்டேன். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு ஒன்றிரண்டு கை. பிறகு அந்தப் பக்கம் முழுக்க. அன்று முதல் அதுவே எங்கள் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. வெளியூர் அணி வந்தால் நான் கை கேட்பேன், ஒரு பக்கம் அவர்களுக்குத் தத்துப் போய்விடும். தண்ணி டேங்க் இல்லாத மைதானத்திலும் அந்தப் பக்கத்துக்குப் பெயர் தண்ணி டேங்க் பக்கம்தான். முதல் நாள் அங்கே உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர் ஒருவர், போகும்போது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். சிவந்திருந்தன.

"சும்மா ஒப்புக்குத்தான் தட்ட ஆரம்பிச்சோம் சார். மூணாவது செட்டுல மெய்யாலுமே அதுங்க ஜெயிக்கணும்னு ஆயிப்போச்சு."

எங்கள் வீட்டு வெளியூர் அணி

என் மகள் மோனிஷா கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தாள். பச்சை பனியன். அவள் லிபரோ. அணியில் ஒருத்தி மட்டும் வேறு நிறச் சட்டையில் பின்வரிசையில் உருண்டு புரள்வாளே, அவள்தான். எதிரி அடிக்கும் பந்தைத் தரையில் விழாமல் எடுத்துக் கொடுப்பது மட்டுமே அவள் வேலை. ஸ்மாஷ் அடிக்கக் கூடாது. புள்ளி யாரோ எடுப்பார்கள், கைதட்டு அவர்களுக்குப் போகும். லிபரோ என்று ஒருத்தி இருப்பதை மைக்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

இது அவளுக்குக் கடைசி வருஷம். பச்சை அணி ஆவடிக்கு வருகிறது, அரையிறுதியில் சிவப்புக் கல்லூரியோடு மோதுகிறது என்று தெரிந்தது. விளையாடுகிறவர்களுக்கு வேலை கொடுக்கிற அரசுத் துறை அணி ஒன்றின் பயிற்சியாளர் ஆள் எடுப்பதற்காக வந்து உட்காரப்போகிறார் என்பதும் தெரிந்தது. இந்த ஒரு ஆட்டம் தவறினால் அவள் பனியனை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். வர்ணனை யார் என்று கேட்காதீர்கள். வேண்டாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன், அவர்களுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அப்பன் மைக்கில், மகள் மைதானத்தில் என்று ஆவடிக்குத் தெரிந்தால் ஒயர் மட்டும் பிடுங்கப்படாது. அதைவிடப் பெரிய பயம் வேறு. "அப்பன் தூக்கிவிட்ட பொண்ணு" என்று ஒரு வார்த்தை அந்தப் பயிற்சியாளர் காதில் விழுந்தால் எல்லாம் முடிந்தது. நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. என் மனைவி கலா இட்லித் தட்டை என் எதிரே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பந்தை எடுக்கப்போறது அவ. நீங்க வெறுமனே பேசப்போறீங்க. பேசுறதுக்கு எதுக்கு இந்த நடுக்கம்?"

அந்த அரையிறுதி

குவார்ட்டர்ஸே திரண்டிருந்தது. சிவப்பு அணியின் கேப்டன் அந்த வரிசை வீடுகளில் வளர்ந்த பெண். ஆட்டம் தொடங்கும்போது தண்ணி டேங்க் பக்கம் ஆட்கள் கைகளைத் தயாராக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஸ்கோர் பலகையைப் பார்த்தேன். கை கேட்கவில்லை. கேட்டால் குரலிலேயே தெரிந்துவிடும் என்று பயம். எங்கள் பக்கம் வந்த வெளியூர் அணிகளில் நான் கை கேட்காமல் விட்டது அந்த ஒரே அணியைத்தான்.

முதல் செட் பச்சையின் கையை விட்டுப் போச்சு. கை தட்ட நாதியில்லை. இரண்டாவது செட்டில் ஒரு பந்து நடுவர் நாற்காலிக்குப் பக்கத்தில் விழப்போனது. மோனிஷா தரையோடு தரையாகப் பாய்ந்து, ஒரு கையால் தட்டி மேலே எழுப்பினாள். நான் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் பெயரைச் சொல்லிக் கத்தியிருப்பேன். "லிபரோ எடுத்தார்" என்றேன், ரயில் வருகையை அறிவிக்கிற மாதிரி. எழுந்தபோது அவள் முழங்கையில் ரத்தம். தண்ணி டேங்க் பக்கத்தை ஒருமுறை பார்த்தாள். அன்று அந்த மலைப்பக்கத்துப் பெண் பார்த்தாளே, அதே பார்வை.

இரண்டாவது செட்டையும் இழந்து பச்சை அணி நின்றது. குணசேகர் எழுந்தார். நேராக என் மேஜைக்கு வந்தார். தெரிந்துவிட்டது, ஒயர்தான் என்று நினைத்தேன். அவர் ஒயரைத் தொடவில்லை. என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "வெளியூர்ப் புள்ளைங்களுக்கு கை கேக்குறது நம்ம பக்கத்துப் பழக்கம். இன்னிக்கி மைக்குக்கு இன்னா வந்துச்சோ தெரியல. தண்ணி டேங்க் பக்கம், நீங்க பச்சை டீமு. தட்டுங்கபா." பிறகு என் பக்கம் திரும்பி, மைக்கை மூடாமலே, "அந்த லிபரோ பொண்ணு பேரு இன்னா?" என்றார். ஆட்டக்காரர்கள் பட்டியலைத் தேடுகிற மாதிரி நடித்தேன். மறுபடி கேட்டார். "மோனிஷா" என்றேன். அது மைதானம் முழுக்கக் கேட்டது.

அடுத்த இரண்டு செட்டும் தண்ணி டேங்க் பக்கம் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தியது. பச்சை இரண்டையும் எடுத்தது. ஐந்தாவது செட்டில் சிவப்புதான் ஜெயித்தது, ஆவடிக்கும் குறையில்லை. ஆட்டம் முடிந்து அரை மணி கழித்து அந்தப் பயிற்சியாளர் பச்சை அணியின் மேலாளரிடம் போய், "அந்த மோனிஷாவை அடுத்த மாசத் தேர்வு முகாமுக்கு அனுப்புங்க" என்று கேட்டுக்கொண்டார். பெயரை அவர் யாரிடமும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டேஷன் பக்கம் பஞ்சு, மருந்து வாங்கி முழங்கையில் வைத்துக் கட்டும்போது மோனிஷா என்மேல் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மெதுவாகச் சொன்னாள்:

"சேலம், மதுரை, திருச்சின்னு எந்த ஊருக்குப் போனாலும், யாராவது மைக்ல எங்களுக்குக் கை கேக்க மாட்டாங்களான்னு பார்ப்பேன்பா. எங்கேயும் இந்தப் பழக்கமே கிடையாது. நம்ம ஊர்ல இருக்குன்னு பொண்ணுங்ககிட்ட பெருமையா சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

ஒயர் பிடுங்கியவர்

மறுநாள் இறுதிப் போட்டிக்கு மைக்செட் கட்டும்போது குணசேகரைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் என் மகள் என்று சொல்லிவிட்டேன். எந்த வசவுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். ஏன் கேட்கிறீர்கள், மனுஷன் அது நேத்தே தெரியும் என்று சிரிக்கிறார். உங்களுக்கு எப்படித் தெரியும், அவள் முகத்தில் என் ஜாடைகூடக் கிடையாதே என்றேன். அவர் ஒயரை எடுத்துப் பொறுமையாகச் சொருகிக்கொண்டே சொன்னார்:

"எல்லார் பேரையும் சொல்லிக்கினு அந்த ஒரு பேரை மட்டும் முழுங்கிக்கினே இருந்த. பெத்தவனைத் தவிர வேற எவன் நைனா அப்டி முழுங்குவான்?"

தேர்வு முகாமில் மோனிஷா தேறிவிட்டாள். இப்போதெல்லாம் எந்த வெளியூர் அணி வந்தாலும் நடுவர் விசில் ஊதுவதற்கு முன்பே நான் கை கேட்டுவிடுகிறேன், அப்போது குரல் கொஞ்சம் கரகரப்பதற்கு ஆம்பிளிஃபயர்தான் காரணம் என்று மைக்செட்காரரும் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டிருக்கிறார்.