ஆறாவது ஒண்டு

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. ஜின், பேய் என்று கதைப்பவர்களை வாய் வலிக்கக் கேலி செய்தவன் நான். ஆனால் 1957 மார்கழி வெள்ளத்தன்று நடந்தது நடந்ததுதான்.

கல்முனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நீர்ப்பாசனக் கந்தோரில் நானும் காரைதீவுச் செல்லத்தம்பியும் கணக்கெழுதினோம். கைப்பிடியைச் சுற்றிக் கூட்டும் மெஷின்கள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு இலக்கத்துக்கு மேல் தெரியாது. ஆத்திமுனைக் குளத்துத் தண்ணீரைக் கன அடியில் எழுதினால் பத்து இலக்கம் வரும். அதனால் எண்ணை இரண்டாக வெட்டுவோம். வலப்பக்கத்து எட்டு இலக்கம் உள்ளறையில் அவனுக்கு, இடப்பக்கத்து இரண்டும் முன்னறையில் எனக்கு. அவன் மெஷின் நிரம்பி வழிந்தால் மணி அடிக்கும். “ஒண்டு! எடு மச்சான்!” என்று பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து கத்துவான். நான் என் பக்கத்தில் ஒன்று கூட்டுவேன். அந்த ஒன்று பத்துக் கோடி கன அடி.

அன்று விடாத மழை. ஒன்றரை மணிக்குச் செல்லத்தம்பி குளக்கட்டைப் பார்க்கப் போனான். நாலு மணிக்குள் வருவதாகச் சொன்னான். பகல் முழுக்க வந்த அளவுகள் பதினாலு வரிகளாக இரண்டு மேசையிலும் இருந்தன. காலையில் குளத்தில் நின்ற தண்ணீரோடு அவற்றைக் கூட்டினால் என் மெஷின் கண்ணாடியில் 14 வரக்கூடாது. வந்தால் கட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளவெளியை உடனே காலி செய்யவேண்டும்.

பள்ளவெளியில்தான் என் மனைவி ஜெமீலா தாய்வீட்டில் இருந்தாள். பிள்ளை பெற்று மூன்றே நாள். பிள்ளை குறைமாதம். அந்த மழையில் வண்டியில் ஏற்றினால் பிள்ளை தாங்காது என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள். ஏற்றாமல் விட்டு, கட்டு உடைந்தால்... இரண்டு பக்கமும் எனக்குச் சாவாகவே தெரிந்தது.

விறாந்தையில் கச்சிமுகம்மது காக்கா சைக்கிளோடு நின்றார். ஊருக்குச் செய்தி கொண்டுபோகிறவர் அவர்தான்.

“தம்பி, இனிச் சுணங்கினா ரோட்டால போகேலா.”

“இந்தா முடிச்சித் தாறன் காக்கா.”

நாலு பத்து. தனியாகவே இரண்டு பக்கமும் போடலாம் என்று எழுந்தேன். அப்போது உள்ளறையின் பின்கதவு திறந்த சத்தம். ஈரக் காலடிகள். நாற்காலி இழுபட்டது.

“வந்திட்டியா மச்சான்? கட்டு எப்பிடி?”

திரும்ப என் நாற்காலியில் உட்கார்ந்தேன். களைத்திருப்பான் என்று நினைத்தேன்.

“சரி, துவங்குவம். முதலாம் வரி!”

டிங்.

“ஒண்டு.”

கூட்டினேன். நாலாம் வரியில் இன்னொன்று. ஏழில் ஒன்று. அப்போதுதான் ஏதோ உறைத்தது. அவனுடைய சுருட்டு மணக்கவில்லை. “எடு மச்சான்” என்று அவன் சொல்லவில்லை. “ஒண்டு” மட்டும்தான். மணி அடித்தது, ஆனால் கைப்பிடி சுற்றும் கரகர சத்தம்... ஒரு தரமும் கேட்கவில்லை.

நாலு ஐம்பது. பதினாலு வரியும் முடிந்தது. அவன் சொன்னது ஐந்து. என் கண்ணாடியில் 13.

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டு அழுதேன். பிள்ளை கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

டிங்.

“ஒண்டு.”

இனிக் கூட்ட வரியே இல்லை.

“மச்சான்... எந்த வரி? கடைசியா?”

பலகைச் சுவரில் ஓங்கித் தட்டினேன்.

“என்ட பிள்ளை சாகும்டா! சரியாச் சொல்லு!”

டிங். டிங். டிங்.

“ஒண்டு.” இந்தத் தரம் குரல் என் காதோரத்தில்.

உள்ளறைக் கதவுக்கு அடியால் தண்ணீர் வந்தது.

சேற்றுத் தண்ணீர்.

கைப்பிடியைச் சுற்றினேன்.

14.

ஐந்து மணிக்குக் காக்கா செய்தி எழுதிய துண்டோடு சைக்கிளில் பறந்தார். நானும் பின்னால் ஓடினேன். உள்ளறையை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஜெமீலாவையும் கூட்டிக்கொண்டு, பிள்ளையை என் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டுப் பள்ளிவாசலுக்கு ஏறினேன். எட்டு இருபதுக்குக் கட்டு உடைந்தது. பள்ளவெளியில் ஒரு வீடும் மிஞ்சவில்லை. ஒரு உயிரும் போகவில்லை.

மூன்றாம் நாள் செல்லத்தம்பியை எடுத்தார்கள். கட்டின் உட்பக்கம் பிளந்து இறங்கிய இடத்தில் அவன் மண்ணோடு போயிருக்கிறான். கைக்கடிகாரம் இரண்டு நாற்பதில் நின்றிருந்தது. உள்ளறைப் பின்கதவின் சாவி அவன் மடியில். பூட்டு வெளியே பூட்டியபடி இருந்தது. திறந்தோம். தரை காய்ந்து கிடந்தது. மெஷினுக்கு மேல் போர்த்திய சீலைகூட விலகவில்லை.

அவன் சாவுவீட்டுக்குப் போய் வந்த பிறகு, அந்தப் பதினாலு வரியையும் நானே தனியாகக் கூட்டிப் பார்த்தேன். மூன்று தரம்.

மூன்று தரமும் மணி அடித்தது ஐந்து முறைதான்.