யாரும் மிதிக்காத முற்றம்

லெம்பி ஹாப்பலா இருபத்தாறு குளிர்காலங்களாகப் பள்ளிப் பேருந்து ஓட்டி வருபவள். சுப்பீரியர் ஏரிக்கரையில் அது லேசுப்பட்ட வேலை அல்ல. ஏரிக்காற்று ஒரு மதியத்துக்குள் இரண்டடிப் பனியைக் கொட்டிவிடும். ஒரு நாளும் அவள் வண்டி பள்ளத்தில் இறங்கியதில்லை. கணவன் டெட்ராய்ட்டுக்கு வேலை தேடிப் போய் அங்கேயே தங்கிவிட்டான்.

ஐம்பத்தைந்தாவது வயதில் பழைய காமிரா ஒன்றை வாங்கினாள். விழுந்த பனியை விழுந்தபடியே எடுக்க வேண்டும். வேறு எதையும் எடுக்க அவளுக்கு ஆசையில்லை.

தீயணைப்பு நிலையம் வருடா வருடம் ஒரு காலண்டர் போடும். ஊரில் அது தொங்காத சமையலறை இல்லை. படங்களைத் தேர்ந்தெடுப்பவள் பெர்னிஸ். ஜனவரிக்கென்று லெம்பி கொடுத்த முதல் படத்தை அவள் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னடி இது, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு?"

லெம்பி ஒரு பனிக்குவியலை ஒரு முழு பிலிம் சுருள் எடுத்துப் பார்த்தாள். காமிராவின் ஒளிமானி ஊசி காட்டியபடி ஒன்று, உள்ளே விடும் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி ஒன்று, இரண்டு கூட்டி ஒன்று. வெளிச்சத்தைக் கண்டதும் ஊசி பயந்துவிடுகிறது, வெள்ளையைச் சாம்பலாக்கிவிடுகிறது என்று புரிந்தது. இரண்டு படி கூட்டினால் பனி பனியாக வந்தது.

அடுத்த வருடம் படத்தில் வெள்ளை இருந்தது. ஆனால் முற்றத்தின் நடுவே பனி அள்ளிய தடம் வாய்க்காலாக ஓடியது. அது வைனோவின் வேலை.

பக்கத்து வீட்டு வைனோ சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பனியை அள்ளி ஓரத்தில் துப்பும் இயந்திரம் ஒன்று வைத்திருந்தான். பதினோரு வருடங்களாக, அவள் வண்டி எடுக்கப் போகும் முன்பே அவள் முற்றத்தைச் சுத்தம் செய்துவிடுவான். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நன்றி என்று அவளும் சொன்னதில்லை. சனிக்கிழமை ஏலக்காய் ரொட்டி ஒன்றை அவன் வாசலில் வைப்பாள். தட்டு கழுவித் திரும்பி வரும். அந்தத் தெருவில் ஒருவனைப் பனி அள்ள வராதே என்று சொல்வது, உன் சங்காத்தமே வேண்டாம் என்பதற்குச் சமம்.

அந்தப் படமும் திரும்பி வந்தது. மூன்றாவது வருடம் பெர்னிஸ் கெடு வைத்தாள். "இந்த மாசம் முடியப் பாப்பேன். இல்லன்னா இனிமே ஜனவரிக்கு எப்பவும் தீயணைப்பு வண்டிதான்."

மாதத்தின் கடைசிப் புதன்கிழமை வானொலி சொன்னது: இரவு முழுக்கப் பனி, நாளை பள்ளி இல்லை. பள்ளி இல்லாத நாளில்தான் சூரியன் வரும்போது லெம்பி வீட்டில் இருப்பாள். மதியமே வைனோவின் சமையலறைக்குப் போனாள்.

"நாளைக்கு என் முற்றத்துக்கு வராத, வைனோ."

அவன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான். "மிஷின் சத்தம் தொந்தரவா இருக்கா?"

"இல்ல."

"வேற யாரையாச்சும் பிடிச்சிட்டியா? எதிர்வீட்டு ஹார்வியா? அவனுக்கு நேரா ஒரு கோடு போட வராதே."

"யாரையும் பிடிக்கல. பனி அப்படியே இருக்கணும். படம் எடுக்கப் போறேன்."

"பனிய எதுக்குப் படம் எடுக்கணும்? ஜன்னலத் தொறந்தா இருக்கு."

"ஏப்ரல்ல இருக்காதே."

"இருக்கும்."

அது உண்மைதான். லெம்பி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

காலையில் மாடி ஜன்னல் வழியாக முன்வாசல் கூரைமேல் இறங்கினாள். கீழே இடுப்பளவுப் பனி. வேலிக்கம்புகளுக்குத் தொப்பி. ஒரு தடம் இல்லை. இயந்திரச் சத்தமும் இல்லை. மரங்களுக்குப் பின்னால் சூரியன் வர இன்னும் ஐந்து நிமிடம்.

அவள் ஒன்றை மறந்துவிட்டாள். அந்தத் தெருவில் எட்டு மணிக்கு மேல் ஒரு முற்றம் அள்ளப்படாமல் கிடந்தால், உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

எதிர்வீட்டு ஹார்வி பனி அள்ளும் பலகையோடு ஓடி வந்தான். பின்னால் பெர்னிஸ், இன்னும் ஏழு பேர். ஒருவர் கையில் மருந்துப் பெட்டி.

"லெம்பி! ஏய் லெம்பி!"

கூரையிலிருந்து அவள் கத்தினாள். காதுவரை இழுத்துவிட்ட குல்லாய்களுக்குள் அது எட்டவில்லை. ஹார்வி பனிக்குள் வைக்கக் காலைத் தூக்கினான்.

அப்போது இயந்திரம் உறுமியது. வைனோ அதைச் சாலையோரமாகவே ஓட்டி வந்து அவள் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினான். இயந்திரத்தை அணைத்தான்.

"எவனாச்சும் உள்ள கால வச்சீங்க, அந்தக் காலு இருக்காது."

"உள்ள செத்துக் கிடந்தாள்னா?" என்றான் ஹார்வி.

"சாகல. மேல பாரு."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அங்க என்னடி பண்ற?" பெர்னிஸ் அலறினாள்.

"உனக்குத்தான் படம் எடுக்கறேன்!"

"விழுந்து தொலைக்கப் போற!"

"விழமாட்டேன். விழுந்தா பனி கெட்டுடும்!"

சூரியன் வந்தது. வெளிச்சம் பனிமேல் படுத்துக்கொண்டு நகர்ந்தது. வேலியின் நிழல்கள் நீலமாக நீண்டன. ஊசி எகிறிக் குதித்தது. அவள் அதைச் சட்டை செய்யவில்லை. இரண்டு படி கூட்டினாள். சாலையில் அத்தனை பேரும் வாயிலிருந்து புகை விட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் இருமக்கூட இல்லை. முப்பத்தாறு படங்கள். சுருள் தீர்ந்ததும் கூரைமேல் நின்றபடியே இரண்டு கைகளையும் உயர்த்தினாள். கீழே கைதட்டினார்கள், கையுறையோடு, சத்தமே வராமல்.

"முடிஞ்சுதா?" என்றான் வைனோ.

"முடிஞ்சுது."

"அப்ப வரலாமா?"

"வா."

அவன் உள்ளே நேராக ஒரு கோடு போட்டான்.

பெர்னிஸ் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். அடுத்த ஜனவரியில் ஊரின் எல்லாச் சமையலறைகளிலும் அது தொங்கியது. கீழே லெம்பியின் பெயரும் இருந்தது.

அந்த மாதமே பள்ளி மூடிய ஒரு காலையில் லெம்பி கதவைத் திறந்தாள். தெருவின் இரண்டு பக்கமும் ஒரு முற்றம்கூட அள்ளப்படவில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். உள்ளே தொலைபேசி மணி அடித்தது. ஹார்வி.

"முதல்ல எங்க வீட்டுக்கு வா லெம்பி, பின்வாசல் வழியா. மாடி ஜன்னல் தொறந்துதான் இருக்கு. கொஞ்சம் சீக்கிரம். பத்து மணிக்குள்ள நான் கார வெளிய எடுக்கணும்."