ஒரே விலை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவளுக்கு வேறெங்கே வரும்? புத்தூர் கடைத்தெருவில் எங்கள் கடை. அதை மூடும்படி ஆனால் சித்தூரில் அவருடைய அண்ணன் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். ஓரகத்தியின் அடுப்படியில் கைகட்டி நிற்பதைவிட, பொட்டலம் மடித்தே உயிரை விடலாம் என்றிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து அவர் திருமலைக்கு மொட்டை போடப் போனார். முடியைக் கொடுத்துவிட்டு, கீழ்த் திருப்பதியிலிருந்து ஒரு யோசனையைக் கொண்டுவந்தார். அங்கே ஒரு கடையில் 'ஒரே விலை' என்று பலகை மாட்டியிருந்தார்களாம். பேரமே கிடையாதாம். உடனே நாங்களும் மாட்டினோம். எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராசுக்கு என்று டீக்கடைகளில் எல்லாரும் அடித்துக்கொண்ட காலம் அது. எந்த மொழி மேலே, எது கீழே என்று வம்பு வராமல் தமிழையும் தெலுங்கையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதச் சொன்னார். பாவம், அவ்வளவு யோசித்தவர். விலையிலும் ஏமாற்றவில்லை. வழக்கமாகப் பேரம் பேசிக் கடைசியில் எங்கே வந்து நிற்குமோ, அந்த விலையையே எழுதி வைத்தார்.

கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்க்கடைக்காரன் கூட்டித்தான் சொல்வான் என்று ஊருக்கே தெரியும். இங்கே போணிகூட ஆகாமல் வெயில் ஏறிவிடும். ஓரகத்தியின் அடுப்படி கனவில் வர ஆரம்பித்தது.

அதிலும் ஒருத்தி போனதைத்தான் தாங்க முடியவில்லை. நகரி பக்கத்து எல்லைக் கிராமத்துக்காரி, என்னைவிட மூத்தவள். சந்தை நாளில் முதல் ஆளாக வருவாள். போணிக்கு வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். நான் விலை சொல்வேன், அவள் பாதிக்குக் கேட்பாள். நான் கத்துவேன், அவள் படியிறங்குவாள், நான் கூப்பிடுவேன். எல்லாம் முடிந்து கொசுறு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு, என் பிள்ளைகளை விசாரித்துவிட்டுப் போவாள்.

ஒரு சந்தை நாளில் எங்கள் கடையைத் தாண்டிப் போனவளை ஓடிப்போய் மறித்தேன்.

"இன்னாக்கா, அவன்கிட்ட கூடக் குடுத்து வாங்கிக்கினு போறியே, எங்க பருப்பு இன்னா கசக்குதா?"

"பருப்புக்கு இன்னா கொற? நீதான் பேசமாட்டேன்னு பலகைய மாட்டிக்கினு குந்திக்கினு கீற."

"கொறச்சுதானக்கா போட்டுக்கீறோம்!"

"கொறச்சே போடு. எங்க ஊரு எந்தப் பக்கம்னு யாரோ கோடு போட்டுக்கினாங்க. எங்கள ஒரு வார்த்த கேக்கல. பருப்பு வெலையாவது என்னக் கேட்டுக்கினு வெய்யேன்மே."

சங்கடமாக இருந்தது. நேராகக் கடைக்கு வந்து பலகையைக் கழற்றினேன். என் வீட்டுக்காரர் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே பார்த்தார்.

அடுத்த சந்தையன்று நான் கதவைத் திறக்கும்போதே அவள் படியில் நின்றிருந்தாள். துவரம்பருப்பு என்ன விலை என்று கேட்டாள். வேண்டுமென்றே அநியாயத்துக்குக் கூட்டிச் சொன்னேன்.

"அடிப்பாவி!" என்று முகமெல்லாம் சிரிப்பாகக் கத்திவிட்டு, கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.