சிவரூபி கட்டிய வெள்ளை

எங்கள் பல்கலைக்கழகத் திரைப்பட வட்டத்துக்கு சிவரூபிதான் செயலாளர். அந்தப் பதவியில் இருந்த காலம் முழுவதும் ஒரு படத்தைக்கூட அவள் முடிவு வரை பார்த்ததில்லை. விரிவுரைகள் முடிந்த பிறகுதான் படம் தொடங்கும். பாதி தாண்டும்போது ஊர்காவற்றுறைக்குப் போகும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவள் எழும்பிவிடுவாள். கதிரை அடுக்குவது, வந்தவர்களுக்குப் படத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்வது, விளக்கை அணைப்பது எல்லாம் அவள் வேலை. முடிவு மட்டும் எங்களுக்கு.

மறுநாள் கன்ரீனில் பிடித்துக் கேட்பாள்.

"அவன் பிறகு தாயிட்டைப் போனவனோ?"

நாங்கள் வேண்டுமென்றே ஆளுக்கொரு முடிவு சொல்வோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீர் சொன்னதுதான் நல்லாயிருக்கு. ஆனா அது பொய்" என்பாள். அநேகமாக அது பொய்யாகத்தான் இருக்கும்.

அவளும் என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் வந்தவள். நான் அதைப் போகுமிடமெல்லாம் சொல்வேன், அவள் சொல்லமாட்டாள். தகப்பன் முருகேசு தீவுப்பக்கத்துப் புளியங்கூடலில் வெங்காயமும் மிளகாயும் வைக்கிறவர். தோட்டத்துக்கு இறைத்துவிட்டு பஸ்ஸேறி வருகிற பிள்ளை அவள். ஒருநாள் கூட்டத்தில் எழும்பி, "தீவு ஆக்களுக்குப் படம் பாக்க பஸ் இல்லை. அப்ப படம் பஸ்ஸேறி வரட்டும்" என்றாள்.

தலைவர் தனுஜன் நல்லூர்க்காரன். அரைமனதோடு சம்மதித்தான். முதல் திரையிடல் மண்டைதீவில். அன்று கடல் நல்லாயிருந்ததால் ஆண்கள் தொழிலுக்குப் போய்விட்டார்கள், பெண்கள் கரையில் நின்றார்கள். வெறுங்கதிரைகளுக்குப் படம் காட்டிவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் தனுஜன் கறாராகச் சொன்னான்:

"உம்மடை ஊரிலையும் இப்பிடியெண்டா, தீவுப்பக்கம் இதோடை சரி, சிவரூபி."

"ஓம்" என்றாள்.

புளியங்கூடலில் அவள் கேட்டு வாங்கிய இடம் கனகசபையர் வீட்டு முற்றம். முன்பு தென்னிலங்கையில் கடை வைத்திருந்த மனிதர். பிள்ளைகள் கனடாவில். பெரிய முற்றம், கரண்டும் உண்டு. ஆனால் அவர் அந்தக் கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். அதனால் சிவரூபி தயங்கியிருக்கிறாள். "படுத்துக் கிடந்து முகட்டைப் பாக்கிறதுக்கு உந்தப் படத்தைப் பாப்பன், கொண்டா பிள்ளை" என்றாராம்.

சுவருக்குப் பச்சை பெயின்ற். அதில் படம் தெரியாது. ஆகவே தாயிடம் இரண்டு புது வேட்டி வாங்கி, சேர்த்துத் தைத்து, மடிப்பு நிமிரட்டும் என்று மத்தியானமே கேற்றுக்கு உட்புறமாக இரண்டு தூணுக்கிடையில் இழுத்துக் கட்டினாள். பின்னால் வாடகைக் கதிரைகள் வந்து இறங்கின. கட்டிவிட்டுக் குளிக்க வீட்டுக்குப் போய்விட்டாள்.

வருத்தக்காரன் இருக்கிற வீடு, வாசலில் வெள்ளை, முற்றத்தில் கதிரை. தீவில் இது செத்தவீடு என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவளும் அங்கே பிறந்தவள்தான். ஆனால் பல்கலைக்கழகம் வந்தபின் அவள் கண்ணுக்கு அந்தத் துணி வெறும் திரையாகிவிட்டிருந்தது.

நானும் தனுஜனும் புரொஜெக்டரோடு ஓட்டோவில் போய் இறங்கியபோது கேற்றடியில் சனம். தனுஜனுக்கு வாயெல்லாம் பல்.

"பாரும், எவ்வளவு சனம்!"

அப்போதுதான் சனத்துக்குள் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்கள். அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

சைக்கிளில் அந்த வழியால் போன தம்பிஐயா அண்ணைதான் வெள்ளையைக் கண்டு கடையடியில் சொல்லியிருக்கிறார். சொன்ன குற்றத்துக்கு அவரே மாலையோடு முதலில் வந்தார். வந்தவர் விறாந்தையில் கனகசபையர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டு மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"என்ன தம்பிஐயா, மாலையோடை?"

"கோயிலுக்கு அண்ணை."

"கோயில் அங்காலையல்லோ."

அதற்குள் கனடாவுக்கும் செய்தி போய்விட்டது. மகன் அழுதுகொண்டு எடுத்த அழைப்புக்கு கனகசபையரே பதில் சொன்னார்: "நான்தான் கதைக்கிறன். வேலைக்குப் போகேல்லையோ நீ?"

சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். ஆனால் இரஞ்சிதம் சிரிக்கவில்லை. கனகசபையரின் மனைவி அவர். சிவரூபி ஓடி வந்தபோது அவர் திரைக்கு முன்னால் நின்றார்.

"உயிரோடை இருக்கிற மனுசனுக்கு வெள்ளை கட்டிப்போட்டாய், பிள்ளை. கழட்டு."

"மாமி, அது படம் விழுறதுக்கு..."

"என்னத்துக்கெண்டாலும் கழட்டு."

வந்தவர்களும் ஒவ்வொருவராகக் கேற்றுப் பக்கம் நகர்ந்தார்கள். துணி போனால் படம் இல்லை. படம் இல்லையென்றால் தீவுப்பக்கமே இல்லை. தனுஜன் கயிற்றை அவிழ்க்கக் கையை வைத்துவிட்டான்.

சிவரூபி துணியின் மூலையைப் பிடித்துப் பார்த்தாள்.

"மாமி, குசினியிலை மஞ்சள் இருக்கோ?"

புது உடுப்பு உடுக்க முன்னர் மூலையில் மஞ்சள் பூசுவது எங்கள் வழக்கம். பூசினால் அது நன்மைக்கான துணி. இரஞ்சிதம் மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். மஞ்சள் கரைத்த பேணியோடு வந்து, ஒருவரிடமும் கொடுக்காமல், தன் கையாலேயே கீழ்மூலைகளில் பூசினார். மேல்மூலைகளுக்கு எட்டவில்லை. தனுஜன் கதிரையில் ஏறிப் பூசினான்.

"நல்லாப் பூசு தம்பி" என்றார் மாமி. "உப்பிடித் தடவினா எப்பிடி?"

செத்தவீட்டுக்கு என்று வெளிக்கிட்டவர்கள் தலை தோயாமல் தங்கள் வீட்டுக்குள் போகலாமோ என்று ஒரு விவாதம் நடந்தது. சிலர் போய்த் தோய்ந்து, ஈரத்தலையோடு திரும்பி வந்தார்கள். சிலர் வரவேயில்லை. பொழுது பட்டதும் படத்தைப் போட்டோம்.

குளிர்நாட்டுப் படம் ஒன்று. ஒருவன் தன் மாட்டை விற்கச் சந்தைக்கு நடக்கிறான். வேறு கதை இல்லை. திரையின் அடியில் வருகிற தமிழ் வரிகளை சிவரூபி உரத்து வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் வாசிக்கத் தேவைப்படவில்லை.

"அது சினை மாடு, பாருங்கோ நடையை."

"சினை மாட்டை விக்கிறானோ? விளங்குவானோ?"

"சும்மா இரும் தம்பிஐயா, அவன்ரை கஷ்டம் அவனுக்கு."

சந்தை வந்தது. கனகசபையர் கதிரையில் முன்னுக்குச் சாய்ந்திருந்தார். விளக்குப் போட்ட பிறகும் வந்தவர்கள் எழும்பாமல், விற்றது சரியா பிழையா என்று கதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

கதிரைகளை அடுக்கும்போது தனுஜன் மெல்லத் தொடங்கினான்.

"ஆனா சிவரூபி, இவையள் வந்தது செத்தவீட்டுக்கு. படத்துக்கில்லை. இதைக் கணக்கிலை எடுக்க ஏலாது."

"வந்தது செத்தவீட்டுக்குத்தான்" என்றாள் அவள், துணியை மடித்தபடி. "இருந்தது எதுக்கு?"

அவன் கையிலிருந்த கதிரையை மற்றதன்மேல் வைத்தான். விரலில் மஞ்சள் இன்னும் போகவில்லை. உடுத்திருந்த சாரத்தில் துடைத்துப் பார்த்தான். பிறகு, என்னைப் பார்த்துக் கேட்பது போல அவளிடம் கேட்டான்:

"நெடுந்தீவு வள்ளம் எத்தினை மணிக்கு வெளிக்கிடும்?"

"விடிய வெள்ளன" என்றாள். "நீர் நித்திரையாலை எழும்புவீரோ?"