மோட்டாரை நிறுத்தினால் ஏறும் விமானம்

சூடேறிய கம்ப்யூட்டர் பெட்டியின் தூசி வாசனையும் கல்யாணப் பத்திரிகை மையின் வாசனையும் சேர்ந்து எங்கேயாவது மூக்கில் பட்டால், இந்த வயதிலும் என் விமானம் விழத் தொடங்கிவிடுகிறது. மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அன்வரின் அத்தா, பத்திரிகை அடிக்க இரண்டு கம்ப்யூட்டர்கள் வைத்திருந்தார். மதியத் தொழுகைக்குப் போனவர் திரும்புவதற்குள் அன்வரும் நானும் அவற்றை ஒரு வயரால் இணைத்து, விமானச் சண்டை விளையாட்டில் உலகப் போரே நடத்தி முடித்துவிடுவோம்.

அவன் விமானம் அவனுக்கு, என்னுடையது எனக்கு, மாற்றிக்கொள்வதில்லை. தரையை ஒட்டிப் பறக்கும்வரை என்னுடையது "சும்மா கில்லி", நினைத்த இடத்தில் வளையும். அவனைத் துரத்தி மேகத்தைத் தாண்டினால் போதும், எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்க வேகம் மட்டும் கரைந்து மூக்கு தொங்கும். அவனோ அந்த உயரத்தில்தான் உயிர் வந்தவன்போல் தலைக்குமேல் வட்டமடித்துச் சுட்டுத் தள்ளுவான்.

இதற்கு நான் கண்ட காரணம் "லோ வோல்டேஜ்". கீழே தண்ணீர் மோட்டார் ஓடுவதால் என் விமானத்துக்குக் கரண்ட் போதவில்லை. அதே கரண்ட்தானே அவனுக்கும் என்று ஏன் தோன்றவில்லையோ, தெரியவில்லை. ஏறும்போதெல்லாம், "அம்மா, மோட்டார நிறுத்து!" என்று கத்துவேன்.

"தொட்டிக்குத் தண்ணியே ஏறல, இவனுக்கு ப்ளேன் ஏறணுமாம்!" என்பாள் அம்மா. சில நாள் நிறுத்துவாள். அப்போது விமானம் ஏறின மாதிரியும் இருக்கும், ஏறாத மாதிரியும் இருக்கும்.

முழுப் பரீட்சை லீவில் அன்வர் வீட்டார் ஆதம்பாக்கத்துக்குப் போவதென்று முடிவானது. ஒருமுறைகூட நான் அவனை ஜெயித்ததில்லை; போவதற்குள் ஒரே ஒருமுறை வீழ்த்திவிட வேண்டும் என்பது சோற்றில் கைவைத்தாலும் நினைவில் நின்றது. சாமான் மூட்டைகளுக்கு நடுவே கடைசி ஆட்டம். "இன்னா மச்சி, மோட்டார நிறுத்தியாச்சா?" என்று சிரித்தான். அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஏறினேன், திணறினேன், தொங்கினேன். மேலிருந்து அடித்திருக்கலாம்; அவன் அடிக்கவில்லை. சரசரவென்று இறங்கிக் கடல்மட்டத்துக்கு வந்தான். பின்னாலேயே விழுந்து, வளைத்துப் பிடித்துச் சுட்டேன். புகை.

"கெலிச்சிட்ட நைனா, போ."

நான் குதித்துக் கூத்தாடிய பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டது: தொட்டி நிரம்பித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா மோட்டாரை நிறுத்தவே இல்லை.

அண்மையில் அந்த விளையாட்டைப் பற்றிப் படித்தேன். உயரத்தில் காற்று மெலியுமாம், என் எஞ்சினுக்கு மூச்சு முட்டுமாம். அவனுடையதில் காற்றை அழுத்தி ஊட்டும் கருவி உண்டாம். மேலேயே இருந்திருந்தால் அவன் தோற்றிருக்கவே மாட்டான். அது அவனுக்குத் தெரியுமா? அலுத்துப்போய் இறங்கினானா, எனக்காகவா?

மந்தைவெளி வீடு இப்போது ஃப்ளாட். தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாகவே நின்றுவிடுகிறது, யாரும் கத்த வேண்டியதில்லை. அன்வர் எங்கிருக்கிறானோ. ஆதம்பாக்கம் வழியாகப் போகும்போது மொட்டைமாடிகளுக்குமேல் விமானங்கள் தாழ்ந்து வருகின்றன. சிக்னலில் நின்று அண்ணாந்து பார்த்து, ஒவ்வொன்றிடமும் கேட்கிறேன்: "ஏண்டா இறங்கின?"