மறுமுனையைப் பிடித்தவள்

பழைய ஆங்கில நாவல்களில் நான் எப்போதும் நாயகியின் பக்கம். மழையில் நனைந்தபடி மேடு ஏறுகிறவள், ஒருமுறை மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புத்தகம் முழுக்கத் தவிக்கிறவள். அவளோடு சேர்ந்து நானும் மூச்சு வாங்குவேன். அக்கா அப்படி இல்லை. கணவனை விட்டு வடகரப்பதிக்கு, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்த பிறகு, மாலைகளில் அவள் கடலை உரிப்பாள். ஓரிடத்தில் உட்கார முடியாத நான் களத்தில் நடந்துகொண்டே, பாலக்காட்டு நூலகத்தில் எடுத்த நாவலை அவளுக்குத் தமிழில் சொல்வேன்.

நாயகியைப் பற்றி அவள் கேட்டதே இல்லை. விருந்துக்குப் போகிறவளுக்குத் தலை பின்னிவிட்டவள் என்ன ஆனாள், தேநீர் ஊற்றிக்கொண்டே இருக்கும் நாத்தனார் எந்த அறையில் படுப்பாள் என்றெல்லாம் கேட்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஒருமுறை, கடைசிப் பக்கத்துத் தேவாலய மணிக்கு நான் கண் கலங்கி நிற்கையில், "அந்தப் புள்ள கண்ணாலமாயிப் போயிட்டா. கூடவே இருந்தாளே அவ அக்காக்காரி, அவ எங்க போனா?" என்றாள்.

புத்தகத்தில் இல்லை என்றேன்.

"எழுதுனவங்களுக்கு மறந்து போச்சாட்ட இருக்குது."

போன தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். பெண், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம். எங்கள் சனத்தில் முகூர்த்தத்துக்கு முன் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளை மணப்பெண் போலவே அலங்கரித்து, கூறைப்புடவை வைத்த கூடையைத் தலையில் சுமந்து வரச் செய்வார்கள். பிறகு புடவையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். அந்தச் சிறுபொழுதுக்கு மண்டபத்தில் அவள்தான் நாயகி.

அந்தக் கூடை அக்காவுக்கு இல்லை என்று முன்பே முடிவாகியிருந்தது. வாழாமல் வந்தவள், ஆகாது என்றார்கள். பெரியப்பா அதற்குச் சித்தப்பா மகளை ஏற்பாடு செய்தார். தம்பி சண்டை போட்டான், அண்ணன் என்று நானும் பேசிப் பார்த்தேன். வழக்கம் என்ற ஒரே சொல்லில் பெரியப்பா இருவரையும் உட்காரவைத்துவிட்டார். அக்கா சித்தப்பா மகளின் ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

கல்யாணக் காலையில், கூடை தயாராகி, சித்தப்பா மகள் நகை பூட்டி நிற்கையில், அக்கா பெரியப்பாவின் எதிரே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"கட்டுனவன உட்டுப்போட்டு வந்தனுங்க பெரியப்பா. கூடப் பொறந்தவன உடலீங்களே."

பெரியப்பா மேல்துண்டைச் சரிசெய்தார். சீர் செய்துவைக்கும் அருமைக்காரரைப் பார்த்தார். அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் வாய் திறப்பதற்குள் சித்தப்பா மகள் தன் ஆரத்தைக் கழற்றி அக்காவின் கழுத்தில் போட்டாள். அக்கா இருக்கும்போது நான் எதற்கு என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"நேரமாகுது, கூடையத் தூக்கியுடுங்க," என்றார் பெரியப்பா.

அக்கா நடந்து வந்தாள். புடவையின் மறுமுனையை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தம்பியருகில் நின்றாள். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது, துடைக்கக் கை இல்லை. என் நாவல்களில் இந்த இடத்தில் எல்லாரும் நாயகியைப் பார்ப்பார்கள், நாயகி நாயகனைப் பார்ப்பாள். அக்காவின் கண்கள் கூட்டத்துக்குள் யாரையோ தேடின. தூணோரம் வெறுங்கழுத்தோடு நின்றிருந்த சித்தப்பா மகளிடம் போய் நின்றன.

"காத்தாலிருந்து நீ ஒண்ணுமே சாப்புடுல," என்றாள் மேடையிலிருந்தே. "மொதப் பந்தியில போயி உக்காரு கண்ணு."