கரி பஸ்ஸின் கடைசி சீட்டு

அந்த இரும்பு உருளை மூச்சு விடுவதை முதன்முதலில் கேட்டபோது நான் நாலடி தள்ளிப் போய் நின்றேன். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் முதலாளி பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயர உருளை ஒன்றை மாட்டிவிட்டார். அதில் கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, பக்கத்திலிருந்த சக்கரத்தைக் கையால் சுற்றினால் உள்ளே ஆவி கிளம்பும். அந்த ஆவியில்தான் வண்டி ஓட வேண்டும். சுற்றுகிற வேலை கண்டக்டரான என் தலையில் விழுந்தது. சுற்றி நிறுத்திய பிறகும் உள்ளே யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவதுபோல் சத்தம் வரும். டிரைவர் அண்ணன் அதற்கு விபூதி பூசி, "எந்திரி சாமி" என்பார். குழந்தையும் அவருக்குச் சாமி, கிழவரும் சாமி. அந்த இரும்பையும் அவர் விட்டுவைக்கவில்லை.

சேந்தமங்கலத்திலிருந்து ராசிபுரம் வழியாகச் சேலம் போகும் வண்டி அது. கரி கொல்லிமலை அடிவாரத்திலிருந்து வந்தது. மூட்டை ஏற்றப் போகும்போதெல்லாம் கரி மூட்டங்களைப் பார்ப்பேன். வெட்டிய மரங்களை அடுக்கி, தழை போட்டு, மண் பூசி மூடியிருப்பார்கள். தீ வெளியே தெரியாது. நாள் கணக்கில் உள்ளுக்குள்ளேயே புழுங்கும். மண்ணில் விட்ட துளைகளில் மட்டும் புகை எட்டிப் பார்க்கும். அத்தனை பெரிய சரிவில் ஒரு பறவைச் சத்தம் இருக்காது. புதைத்தும் சாகாத ஆட்களைப் போல மூட்டங்கள் படுத்துக் கிடக்கும். நான் அங்கே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததே இல்லை.

ராசிபுரத்தில் ஏறும் நெசவாளர்கள் சேலத்துக்குச் சேலை மூட்டை கொண்டுபோவார்கள். ஈரம் பட்டால் சேலையின் கஞ்சி கலைந்துவிடும். கடையில் வாங்க மாட்டார்கள். அதனால் மழை நாளில் தங்களுக்குக் காற்று வேண்டுமே என்றுகூட யோசிக்காமல் பஸ்ஸின் ஜன்னல் படுதாக்களை இறக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். அப்போதுதான் அது நடக்கும். உருளையை ஒட்டிய கடைசி சீட்டில் கண்ணயர்ந்தவர்கள் இறங்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று என்னிடம் கேட்பார்கள். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்திருக்கும்.

அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி உட்காருகிற பெண் ஒருத்தி இருந்தாள். நூல் தட்டுப்பாட்டில் தறி நின்றபோது அவள் புருஷன் கொல்லிமலைக்கு மரம் வெட்டப் போனான். மலைக்காய்ச்சலில் செத்தான். சேதி வருவதற்குள் அங்கேயே எரித்துவிட்டார்கள். கடைசியாக முகம் பார்க்கக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. பிறகு நூல் வந்தது, அவன் தறியில் அவள் உட்கார்ந்தாள். மழை பெய்தால் மூட்டையோடு பஸ்ஸுக்கு வந்துவிடுவாள். சேலத்தில் இறங்கும்போது முகம் சிவந்திருக்கும், கால் தள்ளாடும், ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. ஒருநாள் தானாகவே என்னிடம் சொன்னாள்: "அவரு வந்தாருங்க. அவரு எரிஞ்ச மலையோட கரிதானுங்களே இது."

அன்றே அதை டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை. ஒரு மழை மதியம் வண்டியை ஓரமாக நிறுத்தி, படுதாவை மூடிக்கொண்டு அதே சீட்டில் அவர் படுத்திருந்தாராம். செத்துப்போன தம்பி வந்து கால்மாட்டில் உட்கார்ந்தானாம். எழுந்து போக மனமே வரவில்லையாம். ரோட்டில் போனவர்கள் பார்த்து வெளியே இழுத்துப் போட்ட பிறகு தலை பிளக்கிற வலியும் வாந்தியுமாகக் கிடந்திருக்கிறார். வேண்டியவர்களைக் காட்டியே உருளையிலிருந்து கசிகிற அந்தக் கரிக்காற்று ஆளைக் கொண்டுபோய்விடும், அவளை அங்கே உட்காரவிடாதே என்றார். நான் தடுத்துப் பார்த்தேன். கூட்டத்தோடு புகுந்து போய் உட்கார்ந்துவிடுவாள்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் மல்லூர் தாண்டியதும் கூப்பிட்டேன், அவளிடம் அசைவில்லை. டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி ஓடி வந்தார். அரிவாளால் கயிறுகளை வெட்டிப் படுதாவைக் கிழித்தெறிந்து, அவளைத் தூக்கிப்போய் மழையில் கிடத்தினார். சேலை மூட்டைகள் நனைய, ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். வெகுநேரம் கழித்து அவள் கண் திறந்தாள். அண்ணன் மலை இருந்த திசை பார்த்துக் கும்பிட்டார். அவள் அவரையே பார்த்தபடி, "என்னைய ரெண்டாந்தரமும் தாலியறுக்க வெச்சுட்டீங்களே" என்றாள். உயிரைக் காப்பாற்றிவிட்டு அப்படி ஒரு பேச்சு வாங்கிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காற்றிலிருக்கும் கரியை இலை வழியாக இழுத்துத்தான் மரம் கட்டையாகிறது, எரித்தால் அந்தக் கரி மறுபடியும் காற்றுக்கே போகிறது, அதைக் காடு திரும்பவும் இழுக்கிறது என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். அப்படியானால் அவன் சிதைப் புகையும் ஏதாவது ஒரு மரத்துக்குள் போயிருக்கும். அவள் சொன்னதைப் பிதற்றல் என்று சொல்ல எனக்கு இன்றும் வாய் வரவில்லை. அன்று மொட்டையாகக் கிடந்த சரிவு இப்போது தழைத்து நிற்கிறது. பார்க்கிறவர்கள் அழகு என்கிறார்கள். எனக்கோ அது மூச்சை உள்ளே இழுத்து அடக்கிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். பயமாகத்தான் இருக்கிறது.

அந்த ஐப்பசி மழை ஓய்ந்த பிறகுதான் அவள் மறுபடி எங்கள் பஸ்ஸில் ஏறினாள். முன் சீட்டில் உட்கார்ந்தாள். பாதி வழியில், மலையில் மரம் வெட்டுவதை எப்போது நிறுத்துவார்கள் என்று டிரைவர் அண்ணனைக் கேட்டாள்.

"சண்டை முடிஞ்சா நிறுத்திருவாங்க அம்மிணி" என்றார் அவர்.

"அப்ப அவருல மிச்சமிருக்கறது அங்கயே இருக்கட்டுங்க" என்றாள்.